சுமப்போர் பட்டியல்

உப்போடைப்பட்டியில் போன ஜனவரி ஒன்றாம் தேதி காலையில் எழுபத்தோரு பேருக்கு ஒரே நேரத்தில் அறுபத்தைந்து வயது நிறைந்தது. அவர்களில் ஒருத்தருக்கும் அது தெரியாது. வழக்கம்போல எழுந்து பல் தேய்த்து, பாதிப்பேர் மிளகாய்க் காட்டுக்கும் மீதிப்பேர் தீப்பெட்டி ஆபீசுக்கும் போய்விட்டார்கள். முதுமை இப்படி வேன் பிடித்து வந்து ஒரு ஊரில் மொத்தமாக இறங்கும் என்று யார் கண்டார்கள்?

சுடலைமணி தன் முதுமையைக் கேள்விப்பட்டபோது அவன் தலையில் அறுபது கிலோ தீப்பெட்டிப் பண்டல் இருந்தது. கோவில்பட்டியில் செல்லத்துரை அண்ணாச்சியின் தீப்பெட்டி ஆபீசில் லாரிக்குச் சுமை ஏற்றுகிற ஆள் அவன். செல்லத்துரையைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது, பயந்த மனிதர். ஒரு தபாலை நுனிவிரலில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"சுடலை, அதை எறக்கி வையி."

"லாரி நிக்கி அண்ணாச்சி."

"லாரி நிக்கட்டும். ஒனக்கு அறுவத்தஞ்சு முடிஞ்சிட்டாம்லா. இனிமே ஒன்னய வச்சு வேல வாங்குனா ஆபீசுக்குச் சீல் வச்சிருவாவளாம்."

"எனக்கா? நான் ஒங்களவிட பத்து வயசு எளையவம்லா அண்ணாச்சி."

"நேத்து வரைக்கும் அப்படித்தான். இன்னைலருந்து நான் ஒனக்குத் தம்பி. எனக்கு அம்பத்தேழுதான்" என்றார் செல்லத்துரை. அதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை.

வயது எப்படிக் கூடியது என்பதைச் சொல்ல வேண்டும். பதினான்கு வருடங்களுக்கு முன்னால் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஆதார் எடுக்க ஒரு பையன் கம்ப்யூட்டரோடு வந்து உட்கார்ந்தான். அப்போது ஊர்ப் பெரியதனம் மாயகிருஷ்ணன். விளாத்திகுளம் டீக்கடையில் அவர் ஒரு சேதி கேட்டு வந்திருந்தார்: வயதைக் கூட்டிப் போட்டால் முதியோர் பணம் சீக்கிரம் கிடைக்குமாம். அவர் உண்மையிலேயே ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதில் பிறந்தவர். முதலில் போய் 'அறுபது, ஜனவரி ஒண்ணு' என்று பதிந்துவிட்டு வந்து, வரிசையில் நின்றவர்களிடம், "எல்லாவனும் அதையே சொல்லுங்கலே, கெடைக்கும்போது ஊரோட கெடைக்கட்டும்" என்றார். ஊரோடு ஒத்து வாழ்கிற ஜனம். முப்பத்து மூன்று வயது சுடலைமணியும் அதையே சொன்னான். கம்ப்யூட்டர்ப் பையன் நிமிர்ந்து பார்த்துக்கூட இருக்கலாம். மிளகாய்க் காட்டிலிருந்து நேராக வந்து நிற்கிற ஆட்களைப் பார்த்தால் முப்பதும் ஐம்பதும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

முதியோர் பணம் வரவில்லை. அறுபது ஆனதும் கேட்கப் போனவர்களை, "கோயில் காளை மாதிரி இருக்கீரு, போய் வேலயப் பாரும்" என்று விரட்டினார்கள். வேலையைப் பார்க்கப் போனார்கள். இப்போது அதற்கும் தபால் வந்துவிட்டது.

தபால் அனுப்பியது வயதுச் சமநிலை இயக்ககம். உலகத்தில் எல்லா நாட்டு ஜனங்களையும் மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். பதினைந்து வயதுக்குள் இருப்பவர்கள் சார்ந்தோர். அறுபத்தைந்தும் அதற்கு மேலும் சார்ந்தோர். நடுவில் இருப்பவர்கள் உழைப்போர். நூறு உழைப்போர் எத்தனை சார்ந்தோரைச் சுமக்கிறார்கள் என்பதுதான் சார்பு விகிதம். படித்தவர்கள் நாடு நாடாகக் கணக்குப் போட்டுப் பார்க்கிற சாதுவான எண் அது. அந்த எண்ணைத் தெருத் தெருவாக, வீடு வீடாக அமல்படுத்துவது என்று கிளம்பியதுதான் இயக்ககம். ஒரு வீட்டில் சார்ந்தவர் ஒருவர் இருந்தால் சுமப்பவர் இரண்டு பேர் இருக்க வேண்டும் என்பது அதன் முதல் விதி. அப்படி இல்லாத வீடு அபாய வீடு. அபாய வீடுகள் உள்ள ஊருக்குத் தண்ணீர் லாரி வராது.

இரண்டு நாளில் ஆட்கள் வந்து சுடலைமணியின் வீட்டுச் சுவரில் நீலப் பெயிண்டில் எழுதினார்கள்: சுமப்போர் 1, சுமக்கப்படுவோர் 2, விகிதம் 200, அபாயம். அந்த ஒருவர் அவன் மனைவி பிரேமா. கயத்தாற்றிலிருந்து கட்டிக்கொண்டு வந்தவள் என்பதால் அவளுடைய அட்டை அங்கே எடுத்தது, வயதும் சரியாக நாற்பத்தொன்று. சுமக்கப்படும் இரண்டு பேர் சுடலைமணியும் மகள் பானுவும்.

பானு பத்தாம் வகுப்பு. அரையாண்டுத் தேர்வில் கணக்கில் தொண்ணூற்றாறு. மார்ச் கடைசியில் பொதுப்பரீட்சை. அந்த வீட்டில் யாரும் எட்டாவது தாண்டியதில்லை. சுடலைமணி பதினைந்து வருடமாகப் பண்டல் தூக்கியதற்கு என்ன காரணம் என்று கேட்டால் அவன் வேறெதையும் சொல்லமாட்டான், அவளைத்தான் காட்டுவான்.

ஜனவரி இருபதாம் தேதி பானுவுக்குப் பதினைந்து நிறைந்தது. காலை எட்டு மணிக்கு இயக்ககத்தின் ஜீப் வாசலில் வந்து நின்றது. கண்காணிப்பாளர் உமாதேவி இறங்கினாள். பின்னாலேயே தாம்பாளத்தில் பழம், பூ, கடலைமிட்டாய், ஒரு மாலை. வீதியில் இருந்தவர்கள் பிள்ளை பெரியவளாகிவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டு கூடிவிட்டார்கள். உமாதேவி மாலையைப் போட்டு, 'உழைக்கும் வயதுக்கு வருக' என்று எழுதிய பட்டையைத் தோளில் மாட்டி, ஆரத்தி சுற்றினாள். பிறகு நோட்டீசை வாசித்தாள்.

"இன்று முதல் இந்த வீட்டில் உழைக்கும் வயதினர் இருவர், சார்ந்தவர் ஒருவர். விகிதம் ஐம்பதாக வாய்ப்பு உள்ளது. ஆனால் செல்வி பானு பள்ளிக்குப் போவதால் உறங்கும் உழைப்பாளராகக் கருதப்படுகிறார். பிப்ரவரி பத்தாம் தேதி திங்கட்கிழமை வேன் வரும். கோயம்புத்தூர்ப் பக்கம் மில் வேலை, மூன்று வருட ஒப்பந்தம், தங்கும் விடுதி உண்டு."

"பரீட்சை இருக்கு மேடம்" என்றாள் பானு.

"விழித்த பிறகு எழுதிக்கொள்ளலாம்."

"நான் கோயம்புத்தூர் போய்ட்டா இங்கன அப்பாவ யாரு சுமப்பா?"

"பெயர் இங்கே இருக்கும்மா. பெயர்தான் சுமக்கும்" என்றாள் உமாதேவி. அதைச் சொல்லும்போது அவள் நோட்டீசையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்குப் பூராவும் சுடலைமணி ஒரே கணக்கைத்தான் போட்டான். தன் வயதால் மகள் படிப்பு போகிறது. வயதைச் சரிசெய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கோவில்பட்டிக்குப் போனான்.

இயக்ககம் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது. இயக்குநர் கார்த்திகேசன் மேசைக்குப் பின்னால் உலகப் படம் ஒன்றை மாட்டியிருந்தார். சுடலைமணி கும்பிட்டபடி நின்றதும் பதறிப்போனார்.

"உட்காருங்கள் முதலில். சார்ந்தோர் நிற்கக் கூடாது."

"எனக்கு நாப்பத்தேழுதான் சார். அட்டையில தப்பா ஏறிட்டு."

"ஜப்பான் தெரியுமா உங்களுக்கு? அங்கே நூறு பேர் எழுபது பேரைச் சுமக்கிறார்கள். பெரும்பாலும் முதியவர்கள். நைஜர் என்று ஒரு நாடு. நூறு பேர் நூற்றுக்கும் மேற்பட்டவர்களைச் சுமக்கிறார்கள். எல்லாம் குழந்தைகள். நம் தேசம் ஐம்பதுக்கும் கீழே. பொற்காலம். இந்தப் பொற்காலத்தின் நடுவில் உங்கள் ஊர். ஒன்பது பேர் நூற்றுப் பதினாறு பேரைச் சுமக்கிறார்கள். விகிதம் ஆயிரத்து இருநூற்று எண்பத்தொன்பது. வெளிநாட்டு மாநாட்டில் இந்த எண்ணைச் சொன்னேன். ஒரு அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். நான் தலைகுனிந்தேன், சுடலைமணி. உங்களால்."

கீழே முகூர்த்த நேரம் போலிருக்கிறது. கெட்டிமேளம் முழங்கியது. அது அடங்கும்வரை கார்த்திகேசன் தலைகுனிந்தே இருந்தார்.

"கத்தாரைப் பாருங்கள். நூறு பேருக்கு இருபதுகூட இல்லை."

"எங்க மச்சினன் முத்துசெல்வம் அங்கனதான் சார் கொத்து வேல பாக்கான். எங்கூர்ப் பயலுவ பத்துப் பன்னெண்டு பேரு அங்கனதான் கெடக்கானுவ."

"அதனால்தான் அங்கே விகிதம் நன்றாக இருக்கிறது."

"அவனுவள இங்கன சேத்து எண்ணுனா..."

"ஆள் எங்கே இருக்கிறானோ அங்கேதான் எண்ண வேண்டும்."

"அப்பம் எம்மவ கோயம்புத்தூர் போனாலும் பேரு இங்கனதான்னு மேடம் சொன்னாவ?"

"கோயம்புத்தூர் நம் இயக்ககத்தின் எல்லைக்குள் வருகிறது. கத்தார் இன்னும் வரவில்லை" என்றார் கார்த்திகேசன். பேச்சு ஒரு முடிவுக்கு வந்தவர் மாதிரி தண்ணீர் குடித்தார்.

சுடலைமணிக்கு வாதாடத் தெரியாது. தெரிந்தது ஒன்றுதான். மூலையில் பைல் நிறைந்த இரும்பு பீரோ ஒன்று நின்றது. துண்டைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு போய், முதுகைக் கொடுத்து அப்படியே தூக்கினான். ஜன்னல் வரை நடந்து, திரும்பி வந்து, இருந்த இடத்தில் சத்தமில்லாமல் வைத்தான். மூச்சுக்கூட வாங்கவில்லை.

"இது அறுவத்தஞ்சு வயசு ஒடம்பா சார்?"

கார்த்திகேசன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "உமாதேவி, எழுதிக்கொள்ளுங்கள். சார்ந்தோர் ஒருவர் அனுமதியின்றிச் சுமந்தார். முதல் எச்சரிக்கை." பிறகு சுடலைமணியிடம் வருத்தமாகச் சொன்னார்: "இதே பீரோவை உழைக்கும் வயதுள்ள ஒருவர் தூக்கியிருந்தால் இந்த இடத்திலேயே முத்திரை குத்தியிருப்பேன். அதிகாரியின் கண் முன்னால் சுமந்தவர் செயல்படும் உழைப்பாளர். பதினேழாம் விதி. அதற்குப் பிறகு அவரைப் பட்டியலிலிருந்து நானே நினைத்தாலும் எடுக்க முடியாது. நீங்கள் வீணாக்கிவிட்டீர்கள். சரி, வயதுக்கு ஆதாரம் என்ன?"

ஆதாரம் இருந்தது. உப்போடைப்பட்டிக்கு முதல் கரண்டுக் கம்பம் நட்ட அன்றைக்குத்தான் சுடலைமணி பிறந்தான். குழி தோண்ட வந்தவர்களுக்கு பிள்ளை பிறந்த சந்தோஷத்தில் அவன் அப்பன் சர்க்கரை வாங்கிக் கொடுத்தது ஊருக்கே தெரியும். கம்பத்துக்கு என்ன வயதோ அதுதான் அவனுக்கு.

"பார்த்தவர்கள் யாராவது?"

"வெயிலம்மா, சொர்ணத்தாயி, மாயகிருஷ்ணன் எல்லாரும் பாத்திருக்காவ சார்."

"அனைவரும் சார்ந்தோர். சார்ந்தோரின் சாட்சி சார்புடையது. கம்பத்துக்குச் சான்று வாங்கி வாருங்கள்."

மூன்று நாள் அலைந்து கரண்டு ஆபீசில் கம்பத்தின் சான்றை வாங்கிக்கொண்டு வந்தான். கார்த்திகேசன் படித்துவிட்டு முகம் மலர்ந்தார். பழைய கம்பம் காற்றில் சாய்ந்துவிட்டதாம். அந்த இடத்தில் புதிதாக நட்டு ஒன்பது வருடம் ஆகிறதாம்.

"இதன்படி உங்களுக்கு வயது ஒன்பது. திருத்தித் தரட்டுமா? ஒன்பதும் சார்ந்தோர்தான், சத்துணவு கிடைக்கும்."

சுடலைமணி வேண்டாம் என்றான். வேறு ஆபீஸ்களின் படியேறினான். குழந்தைத் தொழிலாளர் பிரிவில் இருந்தவர் விஷயத்தைக் கேட்டதும் மேசையைத் தட்டினார். பதினெட்டு வயதுக்குள் இருக்கிற பிள்ளையை ஆபத்தான வேலைக்கு அனுப்பினால் பெற்றவனை உள்ளே தள்ளுவேன் என்றார். சுடலைமணிக்கு உயிர் வந்தது. அதை எழுதித் தாருங்கள் சார் என்றான். மில்லில் பயிற்சி என்று போட்டிருக்கிறது, பயிற்சி வேலையாகாது, வேலையில்லாததைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை என்றார் அவர். முதியோர் பணம் தருகிற இடத்தில், சம்பாதிக்கிற வயதில் மகள் இருக்கிறாளே, உமக்கு எதற்குப் பணம் என்றார்கள். ஒரு அறையில் பானு குழந்தை, இன்னொரு அறையில் அவள் உழைப்பாளி. பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக அவளை ஏற்றுக்கொள்கிற அறை எந்தக் கட்டடத்திலும் இல்லை.

இதற்குள் தண்ணீர் லாரி நின்று ஐந்து நாள் ஆகியிருந்தது. ஊருணியில் சேறுதான் மிச்சம். பக்கத்து வீட்டுப் பேபி வெறுங்குடத்தைச் சுடலைமணியின் வாசல் வழியாகவே தூக்கிக்கொண்டு போய், வெறுங்குடமாகவே தூக்கிக்கொண்டு திரும்பினாள். மாயகிருஷ்ணன் மட்டும் சாயங்காலம் வந்து உட்கார்ந்து, "ஒன் வீடு ஒண்ணுதாம்ப்பா பாக்கி. மத்தவிய பிள்ளையள மில்லுக்கு அனுப்பிட்டாவ. எல்லாம் என் வாயால வந்தது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அதை வைத்து ஒரு செம்பு தண்ணீர் பிடிக்க முடியாது என்பது அவருக்கும் தெரியும்.

வேன் வருவதற்கு மூன்று நாள் இருக்கும்போது சுடலைமணி இயக்ககத்தின் மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டான். மேலே போகவும் தெம்பில்லை, வீட்டுக்குத் திரும்பவும் முகமில்லை. மத்தியானம் உமாதேவி சாப்பாட்டுத் தூக்கைக் கழுவ இறங்கி வந்தவள் பக்கத்தில் நின்றாள்.

"வயது திருத்தத்துக்கு மூன்று வருஷம் ஆகும், அண்ணாச்சி. அதற்குள்ளே எல்லாம் முடிந்துவிடும்."

"வேற வழியே இல்லியாம்மா?"

அவள் மேலேயும் கீழேயும் பார்த்தாள். "சுமப்பவர் ஒரு பக்கம், சுமக்கப்படுபவர் ஒரு பக்கம். ரெண்டு பக்கத்திலும் வராதவங்க ஒரு கூட்டம்தான் இருக்கு. செத்தவங்க. சார்ந்தவர் இறந்துபோனால் அந்த வீட்டில் யாரும் யாரையும் சுமக்க வேண்டியதில்லை. வேன் ஏறச் சொல்ல மாட்டாங்க. இறப்புச் சான்றுக்கு ஒரே நாள் போதும்."

சுடலைமணி அவளையே பார்த்தான்.

"என் மகளும் பத்தாவதுதான்" என்றாள் உமாதேவி. "ஆனால் பாடை கட்டணும். இயக்குநர் ஒரு சாவு விடாமல் நேரில் வந்து படம் எடுக்கிறார். விகிதம் குறைகிற நேரம் அதுதானே."

அன்று இரவு சாப்பாட்டுக்கு முன் அவன் வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது பிரேமா அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த தண்ணீரைக் கொட்டாமல் இன்னொரு சட்டியில் பிடித்து வைத்தாள். பிறகுதான் கேட்டாள்.

"தாலியக் கழத்தணுமா?"

"படம் எடுக்கும் மட்டும்."

"கலியாணம் ஆன நாள்லருந்து ஒரு நாளு கழத்துனதில்ல. புள்ள பெத்தப்பங்கூட நர்சு கழத்தச் சொன்னா, நான் மாட்டேன்னுட்டேன்."

"நான் மில்லுக்கே போறேம்ப்பா" என்றாள் பானு. "பரீட்சய அடுத்த வருசம் எழுதிக்கிடுதேன். நீங்க இப்படியெல்லாம் செய்யாதிய."

"ஏட்டி, நீ பாடத்தப் படி. எனக்கென்ன, சும்மா படுத்துக் கெடக்கப் போறேன். பதினஞ்சு வருசம் தூக்குனவன ஒரு நாளு நாலு பேரு தூக்கட்டும்" என்றான். வேடிக்கையாகச் சொல்ல நினைத்தான். பிரேமா சாமி படத்துக்குக் கீழே ஒரு சிமிழைத் துடைத்து வைத்தாள். தாலியை எதில் வைப்பது என்று அவள் மனசுக்குள் முடிவு செய்துவிட்டாள் என்று அவனுக்குப் புரிந்தது.

திங்கட்கிழமை காலையில் உப்போடைப்பட்டியில் சங்கு ஊதியது. மாயகிருஷ்ணன் பச்சை ஓலையில் பாடை கட்டினார். சுடலைமணியைக் குளிப்பாட்டத் தண்ணீர் இல்லாததால் ஈரத்துண்டால் துடைத்து, கோடித்துணி போர்த்தி, நெற்றியில் ஒரு ரூபாயை ஒட்டிக் கிடத்தினார்கள். பேபி தலைமாட்டில் உட்கார்ந்து நடிப்பாகத்தான் ஒப்பாரி ஆரம்பித்தாள். இரண்டாவது அடியிலேயே அது நடிப்பாக இல்லாமல் போய்விட்டது. மில்லுக்குப் போன தன் மகளைச் சொல்லி அழுதாள், வெறுங்குடத்தைச் சொல்லி அழுதாள். சுற்றியிருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகச் சேர்ந்துகொண்டார்கள். பிரேமா வெறுங்கழுத்தோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவள் மட்டும் அழவில்லை.

பத்து மணிக்கு வேன் வந்தது. பெட்ரோலை மிச்சம் பிடிக்க இயக்குநரும் உமாதேவியும் அதிலேயே வந்திருந்தார்கள். அதற்குப் பின்னால் தண்ணீர் லாரியும் வந்து ஊர் எல்லையில் நின்றது. கார்த்திகேசன் பாடையைச் சுற்றி வந்து கும்பிட்டார்.

"நல்ல மனிதர். பிடிவாதக்காரர். தேசத்துக்காகக் குறைந்திருக்கிறார்" என்றார். "தூக்கலாமே."

மாயகிருஷ்ணனும் இன்னும் மூன்று பேரும் குனிந்தார்கள்.

"நில்லுங்கள். உங்கள் வயது?"

"அறுவத்தஞ்சு சாமி."

"சார்ந்தோரைச் சார்ந்தோர் சுமப்பது விதிமீறல். இங்கே உழைக்கும் வயதினர் யார் யார்?"

பட்டியலில் இருந்த ஒன்பது பேரில் ஐந்து பேர் கோயம்புத்தூர்ப் பக்கம் மில்லில் இருந்தார்கள். ஊரில் இருந்தது நாலு பேர். ஆட்டோ ஓட்டுகிற சக்திகுமார், மஞ்சள்காமாலை கண்டு பாலிடெக்னிக்கிலிருந்து வந்து கிடக்கும் சீனி, பிரேமா, பானு.

"பொம்பளைய பாடையத் தொடப்பிடாது சாமி. அது எங்க வழக்கத்துலயே கெடையாது" என்றார் மாயகிருஷ்ணன்.

"உழைப்பில் பெண்களின் பங்கேற்பு எங்கள் இலக்கு" என்றார் கார்த்திகேசன்.

அதிகாரி கண் முன்னால் சுமந்தவரைப் பட்டியலிலிருந்து எடுக்க முடியாது என்ற பதினேழாம் விதி உமாதேவிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும். "சார், அந்தப் பிள்ளை வேண்டாம், சின்னப் பிள்ளை, நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன்" என்று ஓடிவந்தாள். "நீங்கள் இந்த ஊர்ப் பட்டியலில் இல்லை" என்று சொல்லிவிட்டு அவர் காமிராவைத் தூக்கினார்.

பாடை உயர்ந்தது. கண்ணை மூடிக் கிடந்த சுடலைமணிக்கு எந்த மூலை யாருடையது என்று உடனே தெரிந்தது. இடது கால் பக்கம் தாழ்ந்திருந்தது. அதுதான் பானு. சுமையைத் தோளுக்கும் கழுத்துக்கும் பிரித்து வாங்க அவளுக்குத் தெரியவில்லை, மொத்தத்தையும் எலும்பில் வாங்கிக்கொண்டு நடந்தாள். அவன் அவளுக்குச் சொல்லிக்கொடுக்காத வித்தை அது ஒன்றுதான். வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொடுக்காமல் வைத்திருந்தான். எழுபத்திரண்டு கிலோ இருப்போம் என்று நினைத்தான். கொஞ்சமாவது குறைந்துவிட மாட்டோமா என்று மூச்சை அடக்கிக்கொண்டு கிடந்தான்.

கார்த்திகேசன் படம் எடுத்துக்கொண்டே கூட நடந்தார். அவர் குரல் தழுதழுத்தது.

"பாருங்கள். சுமப்போர் நான்கு, சுமக்கப்படுபவர் ஒன்று. விகிதம் இருபத்தைந்து. கத்தார் தூரத்தில் இல்லை. ஆயிரத்து இருநூற்று எண்பத்தொன்பதில் இருந்து இந்த ஊர் இருபத்தைந்துக்கு நடந்து வந்திருக்கிறது. என் கண்ணால் பார்த்துவிட்டேன். அந்த அம்மையாருக்கு இந்தப் படத்தை இன்றைக்கே அனுப்புவேன்."

எல்லையில், வேனும் லாரியும் நின்ற இடத்தில் பாடையை இறக்கினார்கள். அவர் பதிவேட்டை வேனின் பானெட்டின் மேல் விரித்து, உணர்ச்சி அடங்காமலே முத்திரையை எடுத்தார். "சக்திகுமார், செயல்படும் உழைப்பாளர். சீனி, செயல்படும் உழைப்பாளர். பிரேமா. பானு."

நாலாவது முறை முத்திரை விழுந்த சத்தத்தில் சுடலைமணி எழுந்து உட்கார்ந்துவிட்டான். நெற்றி ரூபாய் மடியில் விழுந்தது.

"சார், அவ படிக்கா சார். அதுக்குத்தான சார் நான் செத்தேன்."

கார்த்திகேசன் அவன் பக்கம் திரும்பவில்லை. பதிவேட்டைப் பார்த்தபடியே கேட்டார். "யார் பேசுவது?"

"காலமானவர், சார்" என்றாள் உமாதேவி.

"காலமானவர்கள் நேரடியாக மனு கொடுக்க முடியாது. வாரிசு மூலமாக வர வேண்டும். வாரிசு யார்?"

"பானு, சார்."

"அவர் இப்போது வேலையில் இருக்கிறார். விடுப்பில் வரும்போது கொடுக்கட்டும்."

சுடலைமணி பாடையிலிருந்து இறங்கி அவர் காலைப் பிடித்தான். எனக்கு அறுபத்தைந்தாகவே இருக்கட்டும், எழுபதாகட்டும், ஒன்பதே போடுங்கள், அவளை விட்டுவிடுங்கள் என்று கதறினான். அவர் பொறுமையாகக் காலை விலக்கிக்கொண்டு, இறந்தோர் பட்டியலில் திருத்தம் செய்யும் அதிகாரம் தன்னிடம் இல்லை என்று பிரேமாவிடம் விளக்கினார். லாரிக்காரன் ஹாரன் அடித்தான். குடங்களோடு ஊர் முழுக்க நின்றது. யாரும் பானுவைப் போ என்று சொல்லவில்லை. யாரும் போகாதே என்றும் சொல்லவில்லை. எல்லோரும் லாரியின் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பரீட்சைக்கு விடுவாங்களான்னு கேட்டுப் பாக்குதேம்ப்பா" என்று சொல்லிவிட்டு பானு வீட்டுக்கு நடந்தாள். தகரப்பெட்டியில் இரண்டு பாவாடையும் சட்டையும் வைத்தாள். மீதி இடம் முழுக்கப் புத்தகங்களை அடுக்கினாள். மூடிவிட்டுத் தூக்கப் பார்த்தாள். ஒரு பக்கம்தான் எழும்பியது. பாடை அழுத்திய தோள் அதற்குள் கன்றிச் சிவந்திருந்தது.

சுடலைமணி கோடித்துணியைச் சும்மாடாகச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டான். பெட்டியை ஒரே தம்மில் ஏற்றி, தெரு முழுக்க நடந்து வந்து, வேனின் மேல்தட்டில் அலுங்காமல் வைத்தான். முடிச்சுப் போட்டு இழுத்துப் பார்த்தான். பானு ஜன்னலோரம் உட்கார்ந்து அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேன் கிளம்புவதற்கு முன்னால் நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று உமாதேவியிடம் இருந்தது. பயணியின் பெயர், வயது, பெட்டிகளின் எண்ணிக்கை, பெட்டியைச் சுமந்து ஏற்றியவர் பெயர். கார்த்திகேசன் கடைசிக் கட்டத்தில் விரலை வைத்துக் காட்டினார். உமாதேவி நிமிர்ந்து சுடலைமணியைப் பார்த்தாள். அவன் நெஞ்சு மேலும் கீழும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பிறகு குனிந்து 'ஒருவருமில்லை' என்று எழுதினாள்.